கும்பாபிஷேகம் முடிந்த மறுநாள்

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்குத் தேவாரப் பாடல் கிடையாது. தேவாரத்தில் பெயர் மட்டும் வருகிற வைப்புத் தலங்களின் வரிசையிலும் இல்லை. கும்பகோணத்திலிருந்து அரசலாற்றை ஒட்டிக் கிழக்கே போனால் வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன விமானம் தெரியும். சுவாமி கைலாசநாதர், அம்பாள் பெரியநாயகி, எதிரே ஒரு நந்தி, பின்னால் பாதிப் படிக்கட்டு சரிந்த குளம். அவ்வளவுதான் கோயில். மார்கழி விடியலில் வெண்பொங்கலுக்காக வாழை இலைத் துண்டோடு வரிசையில் நின்றது எனக்கு நினைவில் இருக்கிறது. அதற்குப் பிறகு படிப்பு, வேலை என்று முப்பது வருஷம் வெளியூர்.

அப்பா காரியம் முடிந்து பதினேழாம் நாள், ஒரு விளக்குப் போடலாம் என்று கோயிலுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு குருக்கள் மொபெட்டில் வந்தார். பின்னால் ஒரு தூக்குவாளி, அதில் சாதம். திறந்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, நாலு வில்வம் சாத்தி, தீபாராதனை காட்டி, பத்து நிமிஷத்தில் மறுபடி பூட்டினார். உள்ளே வௌவால் நாற்றம். "சாயங்காலம் திறக்க மாட்டீங்களா சாமி?" என்று கேட்டேன். "அஞ்சு கோயில் பாக்குறேன் தம்பி. இங்க எண்ணெய் ஒரு காலத்துக்குத்தான் கணக்கு. அதுவும் பாதி நாள் நான் வீட்லேர்ந்து கொண்டு வரேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னார்.

அன்றைக்குத்தான் எனக்கு இந்தக் கணக்கு புரிந்தது. அறநிலையத்துறையின் கீழ் இருக்கும் கோயில்களில் பெரும்பாலானவை வருஷத்துக்கு 10,000 ரூபாய்கூட வருமானம் இல்லாதவை. அவற்றில் பலவற்றுக்கு 'ஒரு கால பூஜைத் திட்டம்' என்று ஒன்று உண்டு. கோயில் பெயரில் ஒரு தொகையை வைப்பாகப் போட்டு, அதன் வட்டியில் தினமும் ஒரு வேளை பூஜை நடக்க வேண்டும். 2021-ல் 12,959 கோயில்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. அந்தக் கோயில் அர்ச்சகர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தார்கள். வைப்புத்தொகை 1 லட்சமாக இருந்து 2 லட்சமானது, பிறகு 2.5 லட்சமானது. 6 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் 2 லட்சத்துக்கு மாதம் 1,000 ரூபாய். ஒரு நாளைக்கு 33 ரூபாய் சொச்சம். எண்ணெய், திரி, அரிசி, பூ, கற்பூரம் எல்லாம் அதற்குள். திட்டம் இல்லாவிட்டால் அந்த ஒரு வேளையும் இருக்காது என்பதால் அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது மட்டும் போதாது என்பது அந்த வௌவால் நாற்றத்திலேயே தெரிந்தது.

ஊரில் நாலு பேரிடம் பேசினேன். எல்லோருக்கும் ஒரே எண்ணம்: கும்பாபிஷேகம் பண்ணிவிடலாம். வாட்ஸ்ஆப் குழு ஆரம்பித்தோம். சென்னை, பெங்களூர், துபாய் என்று சிதறிக் கிடந்த ஊர்க்காரர்கள் எல்லாம் ஒரு வாரத்தில் உள்ளே வந்துவிட்டார்கள். பணமும் வந்தது. இதைப் படிப்பவர்களில் யாராவது தங்கள் ஊர்க் கோயிலில் இறங்க நினைத்தால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். கும்பாபிஷேகத்துக்குப் பணம் புரட்டுவது கஷ்டமே இல்லை. அழைப்பிதழில் பெயர் வரும், கல்வெட்டில் பெயர் வரும், ஒரு நாள் எல்லோரும் கூடுவோம் என்ற ஆசை வரும். அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்கால விளக்குக்கு எண்ணெய் வாங்கித்தான் ஆள் கிடைக்காது.

எங்கள் முதல் திட்டத்தை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. பிரகாரம் முழுக்க டைல்ஸ், கருவறைச் சுவருக்கு பாலிஷ் போட்ட கிரானைட், விமானத்துக்கு சிமென்ட் பூச்சு, அதன்மேல் ஏழெட்டு வண்ணத்தில் பெயின்ட். இதெல்லாம் அழகு என்றுதான் நாங்கள் நம்பினோம். வெளிச்சுவரில் நூறு வருஷமாகப் பூசிப் பூசி ஏறிப்போன வெள்ளைச் சுண்ணாம்பை எடுக்க ஒரு ஒப்பந்தக்காரர் கம்ப்ரஸரோடு வந்தார். மணலை அழுத்தக் காற்றில் பீய்ச்சினால் ஒரே நாளில் கல் புதுசுபோல் ஆகிவிடும் என்றார். நாங்கள் முன்பணம்கூடக் கொடுத்துவிட்டோம்.

தடுத்தவர் ஊரில் இருந்த ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர். அவரை நான் சித்தப்பா என்று கூப்பிடுவேன். "ராத்திரி எட்டு மணிக்குக் கோயிலுக்கு வா, டார்ச் எடுத்துக்கிட்டு வா" என்றார். போனேன். தென்புறம் தட்சிணாமூர்த்திக்குக் கீழே, சுண்ணாம்பு உதிர்ந்திருந்த ஓர் இடத்தில், டார்ச்சைக் கல்லுக்கு நேராகக் காட்டாமல் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார். பகலில் வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த கல்லில் எழுத்துகள் எழுந்து நின்றன. ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழுந்து, வரி வரியாக. அவர் விரலை மேலே படாமல் ஓட்டிக்கொண்டே படித்தார். 'நொந்தா விளக்கு' என்றார். கொஞ்சம் தள்ளி, 'பேராடு தொண்ணூற்றாறு' என்றார். பிறகு 'சந்திராதித்தவல்'. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மணல் பீய்ச்சியிருந்தால் மறுநாள் மத்தியானத்துக்குள் அத்தனையும் மழுங்கிப் போயிருக்கும். அது அறநிலையத்துறையே தடை செய்த முறை என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. முன்பணம் போனது போகட்டும் என்று மறுநாள் காலையில் அந்த வேலையை நிறுத்தினோம்.

அந்தக் கல்வெட்டு என்ன சொல்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் திருப்பணியையே திருப்பிப் போட்டது அதுதான். சோழர் காலக் கோயில்களில் இந்த மாதிரிக் கொடை ஏராளம். நொந்தா விளக்கு என்றால் அணையாமல் எரிய வேண்டிய விளக்கு. அப்படி ஒரு விளக்குக்கு 96 ஆடுகளைக் கோயிலுக்குக் கொடுப்பார்கள். அவற்றை ஓர் இடையர் பொறுப்பேற்றுக்கொண்டு தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். 'சாவா மூவாப் பேராடு' என்று அவற்றுக்குப் பெயர். ஆடு சாகத்தான் செய்யும், மூப்படையத்தான் செய்யும். ஆனால் குட்டிகளைக் கொண்டு நிரப்பி எண்ணிக்கை 96 குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் அந்த மந்தைக்குச் சாவுமில்லை, மூப்புமில்லை. சந்திரனும் சூரியனும் உள்ளவரை இது நடக்க வேண்டும் என்பதுதான் 'சந்திராதித்தவல்'. கடைசியில் 'இது பன்மாஹேஸ்வர ரக்ஷை' என்று முடியும். சிவனடியார் எல்லோருடைய காவலிலும் இது இருக்கட்டும் என்று அர்த்தம். எங்கள் கல்லில் அந்தக் கடைசி வரி மட்டும் சுத்தமாக இருந்தது. மன்னன் பெயர் வரவேண்டிய முதல் கல், பிற்காலத்தில் கட்டிய மண்டபச் சுவருக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது.

சித்தப்பா அன்று ராத்திரி நந்தி மேடையில் உட்கார்ந்து, "பாத்தியா, அவங்களுக்கும் இதே கவலைதான் இருந்திருக்கு. கோயிலைக் கட்டிட்டோம், நாளைக்கு விளக்கை யார் ஏத்துவாங்கன்னு" என்றார்.

பிறகு வேலையின் வேகம் குறைந்தது. குறைய வேண்டும் என்றுதான் இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். நன்கொடையாளர் வேலையாக இருந்தாலும் துறையின் அனுமதி வேண்டும். மண்டல அளவிலான வல்லுநர் குழு பார்க்கும், பிறகு மாநில அளவிலான குழு. மாதக்கணக்கில் ஆகும். எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் பலருக்கு எரிச்சல் வந்தது. எனக்கும்தான். ஆனால் பார்க்க வந்தவர்களில் ஒருவர் ஒரே பார்வையில், "டைல்ஸ் போடாதீங்க. ஏற்கெனவே உங்க அதிட்டானம் ஒன்றரை அடி மண்ணுக்குள்ள இருக்கு" என்றார். அதிட்டானம் என்றால் சுவருக்குக் கீழே உள்ள கல் அடித்தளம். அது புதைந்திருப்பதை நாங்கள் யாரும் கவனித்ததே இல்லை. அவர்கள் மேற்பார்வையில் சுற்றிலும் மண்ணை எடுத்தபோது கீழே அதன் அடுக்குகளான ஜகதிப் படையும் உருள் குமுதமும் முழுசாக வெளியே வந்தன. குமுதத்தின் வளைவில் இன்னொரு கல்வெட்டு. மழைத் தண்ணீர் ஏன் கருவறைக்குள் கசிந்தது என்பதற்கும் காரணம் தெரிந்துவிட்டது. வெளியே தரை, உள்ளே இருந்த தரையைவிட உயரமாகிவிட்டிருந்தது. டைல்ஸ் போட்டிருந்தால் இன்னும் நாலு அங்குலம் ஏறியிருக்கும்.

சுண்ணாம்பு எடுத்ததெல்லாம் கையால்தான். தண்ணீர் தெளித்து ஊற வைத்து, மூங்கில் சீவலாலும் தேங்காய் நார் பிரஷ்ஷாலும் மெதுவாக. கம்பி பிரஷ் கூடாது, ஆசிட் கூடவே கூடாது. ஊர்ப் பெண்கள் பன்னிரண்டு பேர் முறை வைத்து வந்தார்கள். ஒரு பெரியம்மா தன் பங்குக்கு வந்த இரண்டு முழக் கல்லை நாலு நாள் தேய்த்தார். சுத்தமான பிறகு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆசிரியரிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார். உங்கள் ஊரிலும் எழுத்து இருந்தால், கையை வைப்பதற்கு முன்பே மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவுக்கோ தமிழ்நாடு தொல்லியல் துறைக்கோ எழுதிவிடுங்கள். ஏற்கெனவே படியெடுத்திருக்கிறார்களா என்று ஆண்டறிக்கைகளில் ஊர் பெயரை வைத்துத் தேடலாம். 1887-லிருந்து அந்த அறிக்கைகள் உண்டு. தேடும்போது இன்றைய பெயரோடு பழைய பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

விமானம் செங்கல்லும் சுதையும். அதில் ஓர் அரசமரம் முளைத்திருந்தது. சிவராத்திரிக்கு முன்னால் உழவாரப் பணிக்கு வந்த பிள்ளைகள் நல்ல மனசோடு அதைப் பிடித்து இழுத்தார்கள். வேரோடு பத்துப் பன்னிரண்டு செங்கல்லும் ஒரு பூதகணத்தின் தலையும் வந்துவிட்டன. மரத்தை இழுக்கக் கூடாது. தண்டை வெட்டி, மிச்சத்துக்கு மருந்து வைத்து, வேர் செத்துக் காய்ந்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். பூச்சுக்கு ஸ்தபதி சிமென்ட்டைத் தொடவிடவில்லை. நீற்றிய சுண்ணாம்பு, ஆற்று மணல், கடுக்காய் ஊறிய தண்ணீர், வெல்லம். அரைத்து, புளிக்க விட்டு, பூசி, தினமும் நனைத்து. பழைய செங்கல் ஈரத்தை வாங்கி வெளியே விட வேண்டும், சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும் என்றார். வண்ணம் வேண்டும் என்று அடம்பிடித்தவர்கள் முடிவில் வெறும் சுண்ணாம்பு நிறத்தைப் பார்த்துவிட்டு வாயடைத்துப் போனார்கள். மாலை வெயில் படும்போது அது சந்தன நிறத்தில் தெரியும்.

அஷ்டபந்தனம் இடித்த நாளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. லிங்கத்தின் மேல்பகுதியான பாணத்துக்கும் அதைத் தாங்கும் ஆவுடையாருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் சாத்துகிற மருந்து அது. 12 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கச் சொல்வார்கள். எங்கள் கோயிலில் எத்தனை வருஷம் ஆகியிருந்ததோ, பழைய மருந்து பொடிப்பொடியாக உதிர்ந்து உள்ளே எறும்புப் புற்று கட்டியிருந்தது. கொம்பரக்கு, சுக்கான் கல், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, ஜாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டுப் பொருள். பொடித்துச் சலித்து, வெண்ணெய் விட்டு விட்டு உரலில் இடிக்க வேண்டும். காலையில் ஆரம்பித்து அந்தி வரைக்கும் இடித்தார்கள். முதலில் பிசுபிசுவென்று உலக்கையில் ஒட்டியது. மத்தியானத்துக்கு மேல் சப்பாத்தி மாவுபோல் திரண்டு, செங்கல் நிறத்தில், தொட்டால் சூடாக. குங்கிலிய வாசனையும் வெண்ணெய் வாசனையும் கலந்து கோயில் முழுக்க நின்றது. ஊரில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் வந்து நாலு இடி இடித்துவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான். அதைக் கயிறுபோல் திரித்து, சூடு ஆறுவதற்குள் சுவாமிக்குச் சாத்தினார்கள். திருப்பணி முடியும்வரை தற்காலிகமாக அமைத்த பாலாலயத்தில் இத்தனை மாதம் அத்திப் பலகையில் இருந்த சுவாமி தன் இடத்துக்குத் திரும்பப் போகிறார் என்று அப்போதுதான் உறைத்தது. இன்னொன்றும் குருக்கள் சொன்னார்: அபிஷேகம் முடிந்ததும் அந்த ஓரத்தில் பால், தயிர் தங்காமல் நல்ல தண்ணீரால் அலம்பித் துடைக்க வேண்டும், சுரண்டவே கூடாது. அப்படிப் பார்த்துக்கொண்டால்தான் 12 வருஷம் தாங்கும்.

கும்பாபிஷேகம் நன்றாக நடந்தது. கூட்டம், யாகசாலை, கருடன் வட்டமிட்டது, சாப்பாடு எல்லாம் எல்லா ஊரிலும்போலத்தான். 48 நாள் மண்டலாபிஷேகமும் குறையில்லாமல் நடந்தது.

நாற்பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் கோயிலில் நானும் குருக்களும் மட்டும் இருந்தோம்.

இதை எதிர்பார்த்துத்தான் நாங்கள் கும்பாபிஷேகத்துக்கு முன்பே ஒரு வேலை செய்து வைத்திருந்தோம். இத்தனை வருஷத்தில் நாங்கள் செய்தவற்றில் உருப்படியானது இது ஒன்றுதான் என்று தயங்காமல் சொல்வேன். நாள் கட்டளை. மாதத்தின் ஒவ்வொரு தேதியும் ஒரு குடும்பத்துக்கு. ஐந்தாம் தேதி என்றால் எல்லா மாதமும் ஐந்தாம் தேதி அவர்கள் பொறுப்பு. இரண்டு வேளை விளக்கு, நைவேத்தியத்துக்கு அரை கிலோ அரிசி, பூ, கற்பூரம், குருக்களுக்குத் தட்சிணை 150, எல்லாம் சேர்த்து நாளைக்கு 350 ரூபாய். வெளியூரில் இருப்பவர்கள் போனிலேயே அனுப்பிவிடுவார்கள். உள்ளூரில் இருப்பவர்கள் பணமாகத் தரக் கூடாது, பொருளாகக் கொண்டு வந்து, பூஜை நேரத்தில் நிற்க வேண்டும் என்று வைத்தோம். அந்த ஒரு நிபந்தனைதான் கோயிலுக்கு ஆள் நடமாட்டத்தைக் கொண்டு வந்தது. ஒன்று முதல் முப்பது வரை எடுத்துக்கொள்ள ஆள் வந்துவிட்டது. தாத்தா இறந்த தேதி, பெண் பிறந்த தேதி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். 31-ஆம் தேதியை மட்டும் யாரும் கேட்கவில்லை. வருஷத்தில் 7 மாதம்தான் அது வரும். அதை நான் எடுத்துக்கொண்டேன்.

கும்பாபிஷேகப் பணத்தில் மீந்ததைச் செலவழிக்காமல் கோயில் பெயரில் வைப்பில் போடச் சொல்லி எழுதிக்கொடுத்தோம். மண்டபத்துக்குக் கூரை போடலாம், ஆர்ச் வைக்கலாம் என்றவர்களிடம் அந்த 96 ஆட்டைத்தான் காட்டினோம். அது எங்கள் மந்தை. வட்டியை எடுக்கலாம், வைப்புத்தொகையில் கை வைக்கக் கூடாது.

நிலத்தையும் பாருங்கள். எந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் அ-பதிவேட்டைத் தமிழக அரசின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கோயில் பெயரில் என்ன இருக்கிறது என்று புல எண் வாரியாகப் பார்த்தோம். மூன்று மா, அதாவது சுமார் ஒரு ஏக்கர் நஞ்சை, சுவாமி பெயரிலேயே இருந்தது. சாகுபடி செய்தவரிடம் சண்டைக்குப் போகவில்லை. சித்தப்பாவும் நானும் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். "யார்கிட்ட அளக்குறதுன்னு தெரியல தம்பி, யாரும் வந்து கேக்கல" என்றார். அதை நான் நம்பினேன். இப்போது குத்தகை துறை அலுவலகத்தில் ரசீதோடு கட்டுகிறார். அது போக, பொங்கல் கழிந்ததும் ஒரு மூட்டை நெல்லைத் தானாகவே கோயிலில் இறக்கிவிட்டுப் போகிறார்.

திருமேனிகளைப் படம் எடுத்து வைப்பதை எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் பூஜை இல்லாமல் பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து 2006-ல் நடராஜர் திருடு போனார். 2008-ல் சிலைகளைப் பாதுகாப்பு மையத்துக்கு எடுத்துப்போக வந்து திறந்தபோதுதான் காணோம் என்பதே தெரிந்தது. அந்த நடராஜர் ஆஸ்திரேலியாவின் கான்பெரா வரை போய்விட்டார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பு எடுத்து வைத்திருந்த புகைப்படம்தான் அவர் எந்த ஊர்க்காரர் என்று காட்டிக்கொடுத்தது. 2014-ல் திரும்பி வந்தார். நாங்கள் கல்லையும் செம்பையும் முன், பின், இரு பக்கம், பீடம் என்று எடுத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து, உடைசல் தழும்பு எல்லாவற்றையும் கிட்டத்தில் எடுத்து மூன்று பேரிடம் பிரதி வைத்திருக்கிறோம். அம்பாளின் இடது கைச் சுண்டுவிரல் நுனி உடைந்திருப்பதை அப்போதுதான் நான் பார்த்தேன். எங்கள் சோமாஸ்கந்தர் பாதுகாப்புக்காகப் பெரிய கோயில் ஒன்றில் இருக்கிறார். விசேஷத்துக்கு மட்டும் காவலோடு வந்து போகிறார்.

ஆறு வருஷமாகிறது. எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டாம் தேதிக் குடும்பம் ஊரை விட்டே போய்விட்டது. அந்தத் தேதியை இப்போது இரண்டு வீடுகள் மாறி மாறிப் பார்க்கின்றன. குருக்களின் மகன் வேறு வேலைக்குப் போய்விட்டான், அவருக்கு அடுத்து யார் என்பது எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி. பக்கத்து ஊர்களில் இருக்கும் இதே மாதிரி இரண்டு கோயில்களோடு சேர்ந்து, ஓர் இளம் அர்ச்சகர் குடும்பம் நடத்துகிற அளவுக்கு மூன்று கோயில் கட்டளையையும் ஒன்றாகக் கட்ட முடியுமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். குளத்தில் கை வைக்கவே இல்லை.

இந்த ஐப்பசிப் பௌர்ணமி 31-ஆம் தேதியில் வரவில்லை. இருந்தாலும் அன்னாபிஷேகத்துக்கு வந்துவிட்டேன். வீட்டுக்கு இரண்டு படி என்று அரிசி சேர்ந்து, மடைப்பள்ளியில் மூன்று அண்டாவில் வடித்தார்கள். ஆற வைத்த சாதத்தைக் குருக்கள் கைநிறைய எடுத்து ஆவுடையாரிலிருந்து மேலே மேலே சாத்திக்கொண்டு போனார். செங்கல் நிற அஷ்டபந்தனம் முதலில் மறைந்தது, பிறகு பாணம். தீபாராதனை முடிந்து, பாணத்தின் மேலிருந்த அன்னத்தை மட்டும் தனியாக எடுத்து ஒரு தாம்பாளத்தில் வைத்து என் கையில் கொடுத்தார். அதைக் குளத்தில் மீனுக்குப் போட வேண்டும். சரிந்த படிக்கட்டில் ஒரு பையன் முன்னால் இறங்கி எனக்கு டார்ச் பிடித்தான். பெரியம்மாவின் பேரன். போகிற வழியில் குமுதத்தின் மேல் பக்கவாட்டில் வெளிச்சத்தைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்று, 'பன்மாஹேஸ்வர' வரைக்கும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் நகர்ந்தான்.